புள்ளி வைத்த சதுரம்

"புள்ளி வெச்சிருந்தா ரத்தம் குடுத்தவங்கன்னு அர்த்தம்டா" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வேறெதுவும் வாயில் வரவில்லை.

அறிவு விடவில்லை. என் தோளுக்கு மேலே தலையை நீட்டி, போனில் இருந்த எங்கள் குடும்ப வம்சாவளிப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினான். "நீயும்தான குடுத்த? ஊசியப் பாத்துட்டு நர்ஸு மேலயே சாஞ்சியே. உனுக்கு ஏன் புள்ளி இல்ல?"

"மயக்கம் போட்டேன்ல. என் ரத்தத்த சேத்துக்கல போல."

"வேஸ்ட்டு ரத்தம்டி உன்து" என்று சிரித்தான். நம்பிவிட்டான். கட்டிலில் உட்கார்ந்திருந்த நைனாவும் சிரித்தார். ஆனால் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று படத்துக்குக் கீழேயே பொடி ஆங்கில எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே கறுப்பாக நிரப்பியிருந்தால் நோய் வந்தவர். நடுவில் புள்ளி மட்டும் இருந்தால், நோயைக் கொண்டுவரும் மரபணு உடம்பில் இருந்தும் இன்னும் நோய் தொடங்காதவர்.

வட்டம் என்றால் பெண், சதுரம் என்றால் ஆண்; அதை மட்டும் அவனுக்குச் சொல்லியிருந்தேன். நைனாவுக்குக் கீழே ஒரே கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு வட்டமும் ஒரு சதுரமும் தொங்கின. இரட்டைப் பிள்ளைகள். நானும் அறிவும். வட்டம் வெறுமையாக இருந்தது. சதுரத்தில் புள்ளி.

நைனாவின் பெயர் தங்கவேல். லஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார். சில வருடங்களாக நடை தள்ளாடுகிறது, நாக்கு குழறுகிறது. ஒரு பீடி கூடப் பிடிக்காத மனுஷனைக் குடிகாரன் என்று சொல்லாத ஆள் எங்கள் ஹவுசிங் போர்டில் கிடையாது. ஒருமுறை சிக்னலில் நிறுத்தி மெஷினில் ஊதச் சொன்னார்கள். ஒன்றுமே காட்டவில்லை. மறுபடியும் ஊதச் சொன்னார்கள். கடைசியில் அந்தப் போலீஸ்காரர், "மெஷினு ரிப்பேருய்யா, நீ ஃபுல்லுதான்" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டாராம்.

பிறகுதான் அடையாறு பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இது சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் நோய் என்றார்கள். செண்பகம் அத்தைக்கும் அதே தள்ளாட்டம். நைனாவுக்குக் கூடப் பிறந்தது அத்தை மட்டும்தான். பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்றார்கள். ஆராய்ச்சிக்காக நைனா, அத்தை, அறிவு, நான் என்று நாலு பேரும் ரத்தம் கொடுத்தோம்.

அன்றைக்கு டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். எங்கள் பெயர் எங்கேயும் வராது. எங்கள் இரண்டு பேருடைய ரிசல்ட்டைப் பதினெட்டு வயது ஆகும்வரை யாருக்கும் சொல்ல மாட்டார்கள். அதற்கப்புறமும் நாங்களே வந்து கேட்டால்தான். வேண்டாம் என்றால் கடைசிவரை தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடலாம்.

அறிவு அப்போதே சொல்லிவிட்டான். "எனுக்கு வேணாம் சார். வந்தா வர்ட்டும். தெரிஞ்சிக்கினு எப்டி சார் தூங்கறது?"

அம்மா என் கையை அழுத்திப் பிடித்திருந்தாள்.

இன்று சாயங்காலம் தமிழ்நிலா அக்கா நைனாவின் போனுக்கு அந்தக் கட்டுரையை அனுப்பினாள். டாக்டரோடு ஆராய்ச்சியில் வேலை செய்கிற அக்கா. ரத்தம் எடுத்த அன்று எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தவள். "அண்ணா, உங்க குடும்பத்தாலதான் இது வெளிய வந்துச்சு. ரொம்ப தேங்க்ஸ்ண்ணா" என்று வாய்ஸ் மெசேஜும் அனுப்பியிருந்தாள். அம்மா தி.நகர் புடவைக் கடையிலிருந்து வர நேரமாகும். "படிச்சி சொல்லும்மா" என்று நைனா போனை என்னிடம் நீட்டினார்.

எனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். சிக்னலில் ஊதிய கதை அப்படியே இருந்தது. இவர் மது அருந்துவதில்லை, நோயின் தள்ளாட்டத்தைப் போதை என்று தவறாக நினைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள்.

நைனா கட்டிலை ஓங்கித் தட்டினார். "பாத்தியா! குடிக்கலன்னு இங்கிலீஷ்லயே போட்டுட்டான் பாரு! அனுப்பும்மா, ஸ்டாண்டு குரூப்புக்கு அனுப்பு. எல்லாப் பயலும் படிக்கட்டும்."

"படிச்சிட்டாலும்" என்றான் அறிவு. "அவனுங்க தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பானுங்க. படம் எதுனா கீதா பாரு கயலு."

அப்படித்தான் அந்தப் படத்துக்கு வந்தோம்.

பெயர் எங்கேயும் இல்லை. டாக்டர் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் தென்சென்னை ஆட்டோக்காரர், வயது நாற்பத்தெட்டு, சொந்த மாமன் மகளைக் கட்டியவர், இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்பா என்றெல்லாம் எழுதியிருந்தது. லஸ்ஸில் இது யார் என்று தெரியாதவர் உண்டா? ஸ்டாண்டில் இருக்கிற ஹனீஃபா பாயின் மகள் நர்சிங் படிக்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிடும். அவள் நல்லவள்தான். பாவப்பட்டுத்தான் யாரிடமாவது சொல்லுவாள். அது சுற்றி அறிவு காதுக்கு வரும்.

"நெட்டு தீந்துபோச்சி நைனா. காலைல அனுப்பறேன்" என்று பொய் சொன்னேன். என் போனுக்கு அந்தக் கட்டுரையை அனுப்பிக்கொண்டு, அவர் போனில் இருந்ததை அழித்தேன். மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று தமிழ்நிலா அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அந்தப் படத்துல அறிவுக்குப் புள்ளி வெச்சிருக்கீங்க."

அந்தப் பக்கம் அவள் படத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். எங்கேயோ பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"ஐயோ" என்றாள். "அப்பா சந்தோஷப்படுவாருன்னுதான் அனுப்புனேன் கயல். படம் இருக்கறதையே நான் யோசிக்கல. தம்பி பாத்துட்டானா?"

"பாத்தான். புரியல. அவனுக்கு வந்துருமாக்கா?"

"நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா."

"அதான் போட்டுட்டீங்களே! ஊருக்கே போட்டுட்டு எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

அவள் அழுகிறாளோ என்று தோன்றியது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "அந்தப் படத்தை அப்படியே நம்பாத. யார் குடும்பம்னு தெரியக் கூடாதுன்னு சில இடத்துல ஆணைப் பொண்ணாவும் பொண்ணை ஆணாவும் மாத்தித்தான் வரைவோம்."

"எங்கள மாத்தியிருக்கீங்களா?"

"எங்க மாத்துனோம்னு சொல்லிட்டா, மாத்துனதுக்கே அர்த்தம் இல்லையே கயல். நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்றேன். படத்தை எடுக்கச் சொல்லிக் கேக்கறேன். நீ பயப்படாத."

போனை வைத்ததும் படத்தை மறுபடி திறந்தேன். நைனாவின் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறுப்புச் சதுரம். ஒன்று நைனா. இன்னொன்று அத்தையாகத்தான் இருக்க வேண்டும். அத்தையை ஆணாக்கியிருக்கிறார்கள்.

அப்படியானால் எங்களையும் மாற்றியிருக்கலாம். வெறும் வட்டம் அறிவாக இருக்கலாம். புள்ளி வைத்த சதுரம் நானாக இருக்கலாம்.

முதலில் அவன் தப்பித்தான் என்று ஒரு பெருமூச்சு வந்தது. அது முடிவதற்குள், அப்படியானால் நோய் எனக்குத்தான் என்று உறைத்தது. உடனே, இல்லை, மாற்றியிருக்க மாட்டார்கள், அது அவன்தான் என்று எனக்குள்ளேயே யாரோ அவசர அவசரமாகச் சொன்னது கேட்டது. அதைச் சொன்னது நான்தான். கூடவே பிறந்தவனைப் பற்றி.

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவளும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். விடிந்ததும் நைனா முதல் வேலையாக, அனுப்பிட்டியாம்மா என்று கேட்பார். குடிகாரன் இல்லை என்று முதல்முறையாக எழுத்தில் வந்த ஒன்று. அதை ஏன் அனுப்பவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

சற்று முன் அறிவு பாத்ரூமுக்கு எழுந்துபோனான். இருட்டில் குடத்தில் இடித்துக்கொண்டு, "இன்னாடி இன்னும் போனு நோண்டிக்கினு கீற" என்று திட்டிவிட்டுப் போனான். அவன் கால் வைப்பதையே பார்த்தேன். நேராகத்தான் நடந்தான். பிறகு நான் எழுந்து, சத்தம் வராமல், தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் ஒரு காலுக்கு முன் ஒரு கால் வைத்து நடந்து பார்த்தேன். நானும் நேராகத்தான் நடந்தேன்.

புள்ளி எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான். கோயில் இருக்கிற பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டபடி உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வேண்டாம் என்று கேட்டால் அவனுக்கு என்று கேட்டதாகிவிடும். சாமியிடம் நான் என்ன கேட்பது?