மூலை வெட்டிய தாள்கள்

பகல் ஒரு மணிக்குள் படம் வந்து சேர வேண்டும். அதற்கு மேல் சவப்பெட்டியைத் திறக்க முடியாது என்று அடக்க நிலையத்துக்காரர் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எய்லா நியெமி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது.

அமெரிக்காவில் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் இன்னமும் கையால் புகைப்படம் அச்சிடுகிறவர்கள் ஒரு சின்னக் கூட்டம்தான். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால் அவர் கடைசியாக எடுத்த நெகட்டிவிலிருந்து ஒரு படம் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைப்பார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அதைச் செய்து கொடுத்தவன் எய்லாவின் கணவன் ஆர்வோ. இப்போது அவனே பெட்டிக்குள். கொரோனா என்பதால் ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே விடவில்லை. அவன் முகத்தைக் கடைசியாக அவள் பார்த்தது ஆம்புலன்ஸ் கதவுக் கண்ணாடி வழியாக.

நெகட்டிவ் இருந்தது. நிலைக்கண்ணாடி முன் நின்று அவனே எடுத்துக்கொண்ட முகம். வேறு எதுவும் இல்லை. தாளில் படத்தை வரவழைக்கும் டெவலப்பர் தீர்ந்துவிட்டது. படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவும் தீர்ந்துவிட்டது. கொரோனா வந்த வாரமே கடை மூடியாயிற்று. தபாலில் அனுப்புகிறவர்கள் ஜூனில் பார்க்கலாம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

வாசலில் ஹாரன் அடித்தது. கொரின் லாஷப்பெல், அதே கூட்டத்தைச் சேர்ந்த தோழி. ஒரு அட்டைப்பெட்டியைப் புல்தரையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று பின்னால் போய் நின்றாள்.

"ஆறடி! ஆறடி! கிட்ட வந்தே, கொன்னுடுவேன்."

"நீ வேறயா, அதுக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு சுத்துதே. என்னடி கொண்டு வந்திருக்கே?"

"டெவலப்பருக்கு இன்ஸ்டன்ட் காபியும் வாஷிங் சோடாவும். நடுவுல அலச வினிகர். ஹைப்போவுக்கு, என் மீன் தொட்டியில குளோரின் எடுக்கப் போடற கல்லு. ரெண்டும் ஒரே சரக்குதான், பேருதான் வேற. வைட்டமின் சி மட்டும் கிடைக்கல. நோய் வராதுன்னு ஊரே வாங்கி முழுங்கிடுச்சு."

"உன் மீனுங்க?"

"கொஞ்ச நாள் குளோரின்ல குளிக்கட்டும். ஒண்ணும் செத்துடா..." கொரின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஏலக்காய் ரொட்டி வச்சிருக்கேன். தின்னு. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

வைட்டமின் சி வீட்டிலேயே இருந்தது. ஆர்வோ காய்ச்சலோடு தனியாகப் படுத்துக் கிடந்தபோது அவள் சாப்பாட்டுத் தட்டில் வைத்த மாத்திரைகள். புட்டியில் பாதி மிச்சம். உரலில் போட்டுப் பொடித்தாள்.

இருட்டறை வீட்டின் நிலவறையில் இருந்தது. ஆர்வோ நோயோடு ஒதுங்கிப் படுத்ததும் அங்கேதான். அவனைத் தூக்கிப் போன பிறகு அவள் கீழே இறங்கவில்லை. ரப்பர் கையுறைகளை இழுத்து மாட்டிக்கொண்டாள். அவன் தொட்டதை வெறும் கையால் தொடத் தைரியம் வரவில்லை.

படிகள் முனகின. மடக்குக் கட்டிலில் போர்வை அவன் எழுந்தபோது விலகியபடியே கிடந்தது. அலமாரியில், வெளிச்சம் புகாத கறுப்புப் பையோடு ஒரு புகைப்படத் தாள் பெட்டி! தடவிப் பார்த்தாள். அடியில் நான்கைந்து தாள்கள். அப்பாடா.

சிவப்பு விளக்கைப் போட்டாள். காபியும் சோடாவும் மாத்திரைப் பொடியும் கலந்ததும் அழுகின வாடை கிளம்பியது. கொரினை போனில் அழைத்து, அந்த போனை வெளிச்சம் கசியாமல் துணியில் சுற்றி வைத்தாள். தனியாக இருக்கப் பயமாக இருந்தது.

படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் நெகட்டிவை வைத்து, அதன் ஒளியைத் தாளில் விழவிட்டுக் காபிக் கரைசல் தட்டில் நழுவவிட்டாள்.

"வருதா?" துணிக்குள்ளிருந்து கொரின்.

"இரு... கறுக்குது. ஓரமெல்லாம் அப்படியே கறுக்குதுடி!"

தாள் முழுக்க இருள் படர்ந்தது. நடுவில் மட்டும் ஒரு செவ்வகம் வெளுப்பாக நின்றது, திறந்த கதவு மாதிரி. அந்தக் கதவுக்குள் ஆர்வோவின் முகம் மெல்ல வந்தது. கண்கள் நேராக அவளைப் பார்த்தன.

முகத்துக்கு முன்னால் யாரோ நின்றார்கள்.

கரிய உருவம். முகம் கிடையாது. தலையில் இரண்டு கொம்புகள்.

எய்லா இடுக்கியைக் கீழே போட்டாள்.

"கொரின், படத்துல யாரோ இருக்காங்க."

"ஆர்வோதானே?"

"ஆர்வோ இல்ல. வேற யாரோ. கொம்பு இருக்கு."

"பழைய தாளா இருக்கும், கறை படிஞ்சிருக்கும். இன்னொண்ணு போடு."

போட்டாள். முதல் தாளை வினிகரிலும் கல் கரைசலிலும் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்த்தாள். அதே இருள், அதே கதவு. கொம்பு உருவம் இப்போது குனிந்திருந்தது. மூன்றாவதில் அது திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் படிக்கட்டு இருந்தது. அந்தப் பக்கம் திரும்ப அவளால் முடியவில்லை.

"நிறுத்துடி. வெளிய வா," என்றாள் கொரின். "படமில்லாமலே போகட்டும். ஆர்வோ கோவிச்சுக்க மாட்டான்."

எய்லா மூன்றாவது தாளை வினிகரிலும் மீன் தொட்டிக் கல் கரைசலிலும் முக்கி எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். உருவத்தின் கொம்பு உண்மையில் ஒரு முடிச்சு. முகக்கவசம் கிடைக்காத அந்த நாட்களில், வாயை மூடித் தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டிய ஸ்கார்ஃபின் இரண்டு நுனிகள்.

அவளுடைய ஸ்கார்ஃப்.

கையுறையைக் கழற்றினாள். பெட்டியில் மிச்சமிருந்த ஒரே தாளை வெறும் விரலால் வருடினாள். ஒரு மூலை கத்தரிக்கப்பட்டிருந்தது. இருட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம்: ஒளி பட்டுவிட்டது, இன்னும் கழுவவில்லை, தொடாதே.

"இந்தத் தாள்லயெல்லாம் அவன் ஏற்கெனவே அச்சுப் போட்டிருக்கான்டி," என்றாள் எய்லா. "இங்க படுத்துக்கிட்டே. இருந்த டெவலப்பர் பிலிம் கழுவவே தீர்ந்திருக்கும், தாளையெல்லாம் கழுவாம பெட்டியில திருப்பி வச்சிருக்கான். நான் மேல்படியில சாப்பாட்டுத் தட்டை வச்சுட்டுப் போறதைக் கீழேருந்து எடுத்திருக்கான். நாந்தான் அது. அது மேலேயே அவன் முகத்தை அடிச்சுக் கெடுத்துட்டேன்."

"மிச்சம் இருக்கா?"

"ஒண்ணு."

"அப்ப அவன் முகத்துக்கு?"

"அதுவும் இதே ஒண்ணுதான்."



எய்லா நெகட்டிவை என்லார்ஜரிலிருந்து உருவி எடுத்தாள். தாளை அப்படியே காபியில் விட்டாள்.

இருள். கதவு. மேல்படியில் தட்டு. நடந்து போகிற அவள் முதுகு. கடைசியாக, படத்தின் கீழோரத்திலிருந்து வெளுப்பாக ஒன்று எழும்பியது. ஐந்து விரல்கள். கலங்கியிருந்தன, அசைந்துகொண்டே இருந்த கை. கேமராவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை அவள் முதுகைப் பார்த்து ஆட்டியிருக்கிறான்.

அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார்: தட்டை வை, கதவைச் சாத்து, போ.

அடக்க நிலையத்துக்கு அவள் கொடுத்தனுப்பியது முதல் படத்தை. கதவுக்குள் அவன் முகம், முகத்துக்கு நடுவில் அவள். ஈரம்கூடக் காயவில்லை. கை இருந்த தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

கல்லறையில் பத்துப் பேர் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஏரியிலிருந்து காற்று பனிக்கட்டி வாடையோடு வந்தது. பெட்டி இறங்கத் தொடங்கியதும் எய்லா வலது கையை உயர்த்தி ஆட்டினாள். அவள் ஏதோ கேட்கப்போகிறாள் என்று எண்ணிப் பாஸ்டர் ஜெபத்தை நிறுத்தினார்.

"நீங்க பாட்டுக்குப் படிங்க," என்று கொரின் தூரத்திலிருந்து சத்தம் போட்டாள். "அவ உங்களைக் கூப்பிடல."

பெட்டி கண்ணுக்கு மறைந்தது. கையை எப்போது நிறுத்துவது என்று எய்லாவுக்குத் தெரியவில்லை.