பசையைக் கரைத்தபோது

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பசைக்காரி என்றே கூப்பிட்டார்கள். மற்றவர்கள் மூளைச் செல்களை எண்ணிக்கொண்டிருக்க, இவள் மட்டும் அந்தச் செல்களே சுரந்து தங்களைச் சுற்றி நிரப்பிக்கொள்ளும் பசையைக் கட்டிக்கொண்டு மாரடித்தாள். கீரி மாதிரியான ஒரு விலங்குக் குட்டியின் மூளையைச் சீவி, பசையின் மூன்று புரதங்களைச் சேர்த்து நான்கு கிண்ணங்களில் வளர்த்தாள். மூன்றில் பூஞ்சை பிடித்தது. நான்காவதில் மட்டும் துண்டு மடிப்பு விட்டுச் சுருண்டது. புரதம் சேர்க்காத துண்டுகள் மொழுமொழுவென்று அப்படியே கிடந்தன.

பேராசிரியர் அந்த மடிப்பின் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “காய்ஞ்ச எலைகூடத்தான் சுருளுது. பசைதான் மடிச்சதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டு. இல்லேன்னா உன் மேசை அடுத்த ஆளுக்கு.”

காட்ட ஒரே வழிதான். பசையை மட்டும் கரைக்கிற நொதியை ஊற்றி, மடிப்பு பிரிகிறதா என்று பார்ப்பது.

“இருக்கறதே ஒண்ணு, அதையும் கெடுக்கப் போறியாம்மா?” என்றார் ஆய்வக உதவியாளர். “படத்தக் காட்டித் தப்பிச்சுக்க.”

“படம் அழகா இருக்குன்னுவாரு அண்ணே. நம்ப மாட்டாரு.”

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு நொதியை விட்டாள். பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். பதினொன்று வரை ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணிக்கு மடிப்பின் பள்ளம் லேசாக மேலே வந்தது. இரண்டு மணிக்கு, தூங்குகிறவனின் விரல்கள் தளர்வதுபோல மடிப்பு விரிந்தது. மூன்றுக்கெல்லாம் துண்டு தட்டையாகிவிட்டது.

“செல்லெல்லாம் செத்திருக்கும்.”

“நீங்களே பாருங்க சார்.”

உயிருள்ள செல்களைப் பச்சையாகக் காட்டும் சாயம் போட்டிருந்தாள். கண்ணுக்கெட்டிய வரை பச்சை. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவற்றுக்கு நடுவே இருந்தது மட்டும் போயிருந்தது.

அவர் முகத்திலடித்தாற்போல் சொல்ல நாலு வார்த்தை வைத்திருந்தாள். அது மறந்தே போனது. எலியின் மூளை வழவழவென்று இருக்க மனிதனுடையது இத்தனை மடிப்பாக மடிந்ததில், யாரும் சட்டை செய்யாத இந்தக் கொழகொழப்புக்கும் பங்கு உண்டோ? எத்தனை கோடி ஆண்டுப் பரிணாமம். இதை யோசிக்கிற தன் மண்டைக்குள்ளேயும் அதுதானே நிறைந்திருக்கிறது என்று தோன்றியதும் உடம்பு சிலிர்த்தது.

பேராசிரியர் நுண்ணோக்கியிலிருந்து வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

“அடுத்த குட்டி எப்ப வருது?”

“திங்கக்கிழம சார்.”

“பத்து கிண்ணம் வை. மேசை உன்னோடதே. நானும் வரேன்.”