பதம் போட்டவன்

ஓஸ்வால்டை ஏற்றிக்கொண்டு போன வண்டி ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன்பே அவன் உயிர் போய்விட்டது. பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வார்ப்படப் பட்டறையில் அவன் அச்சு போடுகிறவன். இரும்புப் பெட்டியைச் சங்கிலியில் தூக்கும்போது, கொக்கியையும் சங்கிலியையும் சேர்த்திருந்த 'பின்' என்கிற தடித்த இரும்பு ஆணி இரண்டாக ஒடிந்து பெட்டி அவன் மேல் விழுந்தது. அந்தப் பின் புதிது. முந்தின நாள் சாயங்காலம்தான் மாட்டினார்கள். அதைக் கடைசியாக உலையில் காய்ச்சியவன் ஜெயராஜ்.

ஜெயராஜ் அங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன் கோலார் தங்கவயலில், பாறை துளைக்கும் உளிகளுக்கு முனை அடிக்கும் கொல்லுப்பட்டறையில் இருந்தான். தங்கை பவுலினின் புருஷன் டொமினிக்தான் அவனைப் பெங்களூருக்கு வரவழைத்தது. டொமினிக் பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் தொழில் கற்றவன். இங்கே உலைப் பகுதிக்கு மேஸ்திரி. பட்டறையின் வெள்ளைக்காரத் துரையோடு நேருக்கு நேர் இங்கிலீஷில் பேசக்கூடியவன் என்று ஜெயராஜுக்கு அவனைப் பற்றிப் பெருமையும் உண்டு.

பின்னை அடித்து, காய்ச்சி, ஒரு தடவை தண்ணீரில் முக்கி வைத்தது டொமினிக்தான். அதற்குள் ஆபீசிலிருந்து ஆள் வந்து கூப்பிடவே, கையைத் துடைத்துக்கொண்டே, "மச்சான், அந்தப் பின்னுக்குப் பதம் போட்டு வெச்சிடுங்க. சாயங்காலம் மாட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். முதல் தடவை முக்கியது போதவில்லை போலும் என்று நினைத்து, ஜெயராஜ் பின்னை மறுபடியும் செக்கச் செவேலென்று காய்ச்சித் தொட்டித் தண்ணீரில் முக்கினான். அரத்தை வைத்து உரசிப் பார்த்தான். இரும்பில் பல் பதியாமல் அரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. நல்ல பதம் என்று எடுத்து வைத்தான்.

விசாரணை துரையின் அறையில் நடந்தது. ஹெட் கிளார்க் சேஷகிரிதான் கேள்விகளைத் தமிழில் கேட்டு, பதில்களை இங்கிலீஷில் சொன்னார். டொமினிக் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

"பின்னை என்ன பண்ணினே? உள்ளபடி சொல்லு" என்றார் சேஷகிரி.

"பதம் போட்டேன் சாமி."

சேஷகிரி துரைக்குச் சொன்னதில் 'டெம்பர்' என்ற ஒரு வார்த்தைதான் ஜெயராஜின் காதில் தங்கியது. துரை ஒடிந்த துண்டை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினார். ஒடிந்த இடம் சர்க்கரையைக் கொட்டினது போல் மினுமினுத்தது.

"டெம்பரே பண்ணலைங்கறார். கண்ணாடி மாதிரி ஒடிஞ்சிருக்கு. மறந்துட்டேன்னா மறந்துட்டேன்னு சொல்லிடு. பொய் சொன்னாத்தான் கஷ்டம்."

"மறக்கலீங்க. மாப்ளை பதம் போடச் சொன்னாரு. போட்டேன். மாதா மேல ஆணை."

மறுபடியும் அந்த 'டெம்பர்'. துரையின் கழுத்து சிவந்தது. அவர் டொமினிக்கிடம் ஏதோ கேட்டார். டொமினிக் ஜெயராஜைப் பார்த்தான். இருட்டில் எதிலோ கால் தட்டினவன் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. உதடு பிரிந்தது. அப்புறம் துரையின் பக்கம் திரும்பி, "எஸ் சார். ஐ டோல்ட் ஹிம் டு டெம்பர் இட்" என்றான்.

ஜெயராஜை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். செய்யாத வேலையைச் செய்தேன் என்று சாதித்தவன், ஒரு உயிரைக் கொன்றுவிட்டு மாதா மேல் பொய்ச் சத்தியம் செய்தவன் என்ற பேச்சு அவர்கள் குடியிருந்த பிளாக்பள்ளி முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் முழங்காலிட்டபோது, முன் வரிசையில் இருந்த ஓஸ்வால்டின் மனைவி மௌரீன் திரும்பிப் பார்த்தாள். கறுப்பு முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலரும் எழுந்து போனார்கள்.

தான் எங்கே தவறினோம் என்று ஜெயராஜுக்கு விளங்கவே இல்லை. நெருப்பு போதவில்லையா, இரும்பே சரியில்லையா என்று நினைத்து நினைத்துப் பார்த்தான்.

அதை அவிழ்த்தவள் பவுலின். ஒரு மத்தியானம் தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டுவந்தவள், அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவரும் சரியா சாப்பிடறதில்லண்ணே. நீங்க சொன்ன பதம் வேற, அவர் சொன்ன பதம் வேறயாமே. நெனச்சு நெனச்சு மாய்ஞ்சு போறாரு."

"என்ன வேற?"

பவுலின் திகைத்துப் போனாள். "உங்ககிட்ட சொல்லலியா? பெரம்பூர்ல பதம்னா, முக்கின இரும்பை மறுபடி லேசா சூடு காட்டி, நீலம் ஓடினதும் எடுத்துடறதாம். ஒடியாம இருக்க. அதைத்தான் துரை டெம்பர்ங்கறாராம். உங்க ஊருல முக்கறதையே பதம்னு சொல்லுவீங்களாம். ஆபீஸ்ல நீங்க சத்தியம் பண்ணப்பதான் அவருக்குப் புரிஞ்சுதாம்."

ஜெயராஜ் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். தட்டில் பாதிச் சோறு இருந்தது.

அன்று சாயங்காலம் டொமினிக் வேலை முடிந்து வரும்வரை அவன் வீட்டு வாசலில் நின்றான். டொமினிக் அவனைக் கண்டதும் சைக்கிளை மெல்லச் சுவரில் சாய்த்தான்.

"தெரிஞ்சே சும்மா நின்னீங்களா மாப்ளே?"

டொமினிக் மறுக்கவில்லை. "சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும் மச்சான்? ஏன் வெளங்கச் சொல்லல, ஏன் கூட நின்னு பாக்கலன்னு என் தலையில விடிஞ்சிருக்கும். உங்களுக்கு ஒரு வேலை போச்சு. எனக்குப் போனா உங்க தங்கச்சியும் புள்ளைங்களும்தான் தெருவுல நிப்பாங்க."

"வேலைக்காக வரல. துரைகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். மௌரீன்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பொய் சொல்லலன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சா போதும்."

"அவகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

ஜெயராஜ் உள்ளே பார்த்தான். அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு பவுலின் நின்றிருந்தாள். அவள் சொன்னால் டொமினிக் கேட்பான் என்று அவனுக்குத் தெரியும்.

"விட்டுடுங்கண்ணே" என்றாள் அவள். "செத்தவர் வரப்போறதில்ல."

அவன் தனியாகவே மௌரீன் வீட்டுக்குப் போனான். அவள் கதவைத் திறந்து அவனைப் பார்த்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே, ஒரு ஊரில் ஒரு அர்த்தம், இன்னொரு ஊரில் இன்னொரு அர்த்தம் என்று விளக்கினான். டொமினிக் பெயரை மட்டும் எடுக்கவில்லை. தங்கையின் முகம் குறுக்கே வந்தது. அதனால் அவன் சொன்னது அவனுக்கே அரைகுறையாகப் பட்டது.

மௌரீன் முழுக்கக் கேட்டாள். "எங்க வீட்டுக்காரரைப் பெட்டியில வெச்சுப் புதைச்சப்ப முகத்தைத் திறந்து காட்டல, தெரியுமா?" என்றாள். "காட்ட முடியாதுன்னுட்டாங்க. நீங்க வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வந்திருக்கீங்க." கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

வேறு எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை. கடைசியில் தொம்மலூர் பக்கம், குதிரை லாயத்தில் லாடம் அடிக்கும் வேலை கிடைத்தது. லாடத்துக்குப் பதம் தேவையில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம், பழைய பட்டறையின் பாரவண்டிக் குதிரையைப் பிடித்துக்கொண்டு சந்தானம் வந்தான். அவனும் அங்கே உலையில் வேலை செய்கிறவன்தான். ஜெயராஜோடு பேசத் தயங்கி, அப்புறம் பேசினான். டொமினிக் இப்போது ஃபோர்மேன் ஆகிவிட்டானாம்.

"ஃபோர்மேனா வந்ததும் ஒரு கூத்து பண்ணிட்டாரு. பட்டறையில யாரும் பதம்னே சொல்லக் கூடாதாம். முக்கறதுக்குக் குவென்ச், லேசா சூடு காட்டறதுக்கு டெம்பர், மெல்ல ஆற விடறதுக்கு அனீல்னு இங்கிலீஷ்லதான் சொல்லணுமாம். வாய் தவறிச் சொன்னவனை ரெண்டு நாள் வெளிய நிறுத்திட்டாரு. எதுக்குன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாரு. பெரிய மனுஷனாயிட்டா இப்படித்தான் போல."

ஜெயராஜ் குதிரையின் குளம்பை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தான். கத்தி நின்றது.

"நல்ல காரியம்தான் பண்ணியிருக்காரு" என்றான். "இனிமே அங்க யாரும் சாக மாட்டாங்க."

சந்தானத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ கேட்க வாயெடுத்தான். ஜெயராஜ் ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு குனிந்துவிட்டான்.