அடுப்போரம் உட்கார்ந்த நிழல்

எங்கள் கறுப்பர் தெருவின் ஆர்லீன், நீதிமன்ற உத்தரவோடு வெள்ளைக்காரர்களின் உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் நாள், அவளுடைய நிழல் அவளோடு போக மறுத்துவிட்டது. வாசல்படி வரை வந்து, திரும்பி, அடுப்போரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அலபாமாவில் அந்த வருஷம் பருத்திக்கு விலை இல்லை. அதைப் பேசவே எங்கள் தெருவுக்கு நேரம் சரியாக இருந்ததால் நிழலை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அவள் அம்மா லூவீனியாவால் அப்படி இருக்க முடியவில்லை. வெள்ளைக்காரர் வீட்டுத் துணிகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவது அவள் பிழைப்பு. கை துணியில் இருக்கும், கண் நிழலில் இருக்கும். அங்கே மகளை எவனாவது இடித்தால் இங்கே நிழல் சுவரில் மோதும். அங்கே துப்பினால் இது முகத்தைத் துடைத்துக்கொள்ளும். மாலையில் மகள் வந்து, எல்லாம் நல்லபடியாகப் போயிற்று என்பாள். பச்சைப் பொய்.

பக்கத்து வீட்டு மோசெல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "இருக்கறது ஒரே புள்ள. நம்ம பள்ளிக்கூடத்துல இல்லாத படிப்பா? கூட்டிட்டு வந்துரு."

"சொல்லிப் பாத்துட்டேன் சிஸ்டர். நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு மைக்ராஸ்கோப்பாவது உண்டாங்கறா. டாக்டராகணுமாம். நான் இங்க பயந்தே செத்துருவேன் போல."

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் நிழல் துள்ளி எழுந்து வெளியே ஓடிவிட்டது. யாரோ துரையின் சட்டை இஸ்திரிப் பெட்டியடியில் கருகியது. நிழல் போனால் ஆளும் போனாள் என்றுதானே அர்த்தம்? லூவீனியா பள்ளிக்கு ஓடவில்லை. எங்கள் ஜனம் சாவு வீட்டில் செய்வதை மட்டும் செய்தாள்: கடிகாரத்தை நிறுத்தினாள், நிலைக்கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடினாள். ஜன்னல் வழியே அதைப் பார்த்துத் தெருவே திரண்டது. பொரித்த கோழியும் கேக்குமாக மேசை நிறைந்தது. உடலை வாங்கிவர யார் காரை எடுப்பது என்று ஆண்கள் வாசலில் பயந்து நின்றார்கள்.

அப்போது ஆர்லீன் உள்ளே வந்தாள். உதடு கிழிந்திருந்தது. பின்னாலேயே நிழலும் வந்தது.

"யாரும்மா செத்தது?"

"நீதான்டி," என்றாள் மோசெல்.

"மாடிப்படியில தள்ளிவிட்டாங்க. விழறப்போ இது ஓடிவந்து தாங்கிடுச்சு." தன் சாவுக்கு வந்த கேக்கை வெட்டித் தின்றாள். நல்ல பசி.

லூவீனியா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "போதும்டி கண்ணு. நாளைக்குப் போகாத. என்னால முடியல."

"போவேம்மா."

மறுநாள் ஆர்லீன் கிளம்பியபோது அவள் நிழலும் கிளம்பியது. லூவீனியா கதவு வரை வந்தாள். அதற்கு மேல் கால் நகரவில்லை. அவளுடைய நிழல் மட்டும் படியிறங்கிப்போய் மகளின் மறுபக்கம் நடந்தது.

ஆர்லீன் வடக்கே மருத்துவம் படிக்கப் போனாள், டாக்டருமானாள். இங்கே எங்கள் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பள்ளிக்குப் போகத் தொடங்கினார்கள். லூவீனியா இன்னமும் நிழலில்லாமல்தான் வெயிலில் துணி உலர்த்துகிறாள். இன்று காலை பேத்தியை முதல் நாளாக அந்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மோசெல் வேலியோரம் வந்து நின்றாள்.

"பயப்படாதீங்க சிஸ்டர்," என்றாள் லூவீனியா. "என் நிழல் உங்க பேத்தி கூடத்தான் போயிருக்கு."