செத்தவள் மடித்த அங்கி

மரணத்தை வென்றவர் இந்த மண்ணுலகில் எவருமில்லை என்று பெரியவர் முப்பது வருடமாகப் பிரசங்கம் செய்துவருகிறார். அவருடைய சபையில் செத்துப்போன ஒருத்தி, ஏழு மாதமாகச் சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

சபையை விட்டுப் போகிறவர் செத்தவர். பெரியவர் முன்னால் பெண்கள் தலையை மூடாமல் நிற்கக் கூடாது என்பதைப் போல அதுவும் அங்கே சட்டம். இவள் போனதும் இவளுடைய சீப்பைப் புதைத்து, முறைப்படி அழுது, வயிறாரச் சாப்பிட்டுக் கலைந்தார்கள். அதன்பின் இவளைப் பார்ப்பதும் பேசுவதும் பாவம். பெற்ற அம்மாவுக்கும் விலக்கில்லை. அம்மா உள்ளேதான் இருக்கிறாள். இவள் கிளம்பியபோது இருமலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. இப்போது இருக்கிறாளா என்று கேட்கக்கூட ஆளில்லை.

வெளியே வந்து இவள் சேர்த்த சொத்து ஓர் ஒண்டி அறை, ஒரு வாளி, வாழ்க்கையில் முதல் கண்ணாடி. நாளெல்லாம் நின்று கணுக்கால் வீங்கிப்போகும். கண்ணாடி பார்க்கத் தெம்பிருக்காது.

அன்று மதியம் முதலாளியம்மா சாப்பிடப் போயிருந்தாள். பிரசங்க அங்கியை வழக்கமாக வாங்கிப்போகும் டிரைவருக்குக் காய்ச்சல் என்பதால் பெரியவரே கடைக்குள் வந்தார். இவளைப் பார்த்தார். உடனே பார்க்காதவரானார்.

"கடையில யாரும் இல்லையா?" என்று மின்விசிறியைக் கேட்டார்.

"நான் இருக்கேன். சொல்லுங்க."

"மூணு மணிக்குக் கூட்டம். அங்கி வேணும்" என்றார் காலண்டரிடம்.

மடித்த அங்கியை மேசையில் வைத்தாள். அவர் கை நீட்டியதும் அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

பெரியவர் காலண்டரில் தேதியைத் தேடினார்.

"செத்தவ கையால துணி வாங்கலாமாய்யா? முதலாளியம்மா சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு நாலு மணிக்குத்தான் வருவாங்க. உக்காருங்க, விசிறியோட பேசிட்டிருங்க."

கடிகாரத்தில் இரண்டே முக்கால். பெரியவர் செருமினார். முப்பது வருடச் சட்டம் ஓர் அங்கிக்காக இறங்கி வந்தது. இவள் முகத்தைப் பார்த்தார்.

"இருக்கா. இருமல் நின்னுடுச்சு. உன் கட்டில்லதான் படுத்துக்கறா. சொன்னா கேக்கறதில்ல."

இவள் அங்கியின் மடிப்பை இன்னொரு முறை நீவினாள்.

"நான் நல்லா இருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"அதெப்படிம்மா சொல்ல முடியும்?"

"எங்கிட்ட பேசிட்டீங்கல்ல? நீங்க அம்மாகிட்ட சொல்றீங்களா, நான் கூட்டத்துல வந்து சொல்லட்டுமா?"

"சொல்றேன், சொல்றேன்" என்று அங்கியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

பெரியவரிடம் நிமிர்ந்து பேசியது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. மீதித் துணிக்குக் கால் வலிக்கவில்லை.

நாலு மணிக்கு வந்த முதலாளியம்மா இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி இது, தலையில?"

இவள் தடவிப் பார்த்தாள். இஸ்திரிக்கு வந்த தலையணை உறை. பெரியவர் உள்ளே வந்தபோது எடுத்துப் போட்டிருக்கிறாள்.