நாலாம் கோர்ட்டில் விழாத பந்து

மைசூரில் ஒரு டென்னிஸ் மைதானத்தின் நாலாம் கோர்ட்டில், பின்கோட்டுக்கு நாலு விரற்கடை மேலே, ஒரு மஞ்சள் பந்து பதினொரு மாதமும் ஒன்பது நாளும் தரையைத் தொடாமல் நின்றது. மேலே கயிறு கிடையாது, கீழே கம்பி கிடையாது. நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை, சுழன்றுகொண்டே நின்றது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி மெல்லிய இரைச்சல் கேட்கும். அந்த வருஷம் தக்காளி விலை இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கியது, மழை பத்து நாள் பிந்தி வந்தது, தசரா யானைகள் வழக்கம்போல் நடந்து போயின. இந்தக் கதையில் யாரும் சாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயப்படாமல் கேளுங்கள்.

டெலிவிஷனில் காட்டுகிற போட்டி இல்லை இது. உலகப் போட்டிகளின் படிக்கட்டில் அடிப்படி. ஒரு வாரம் மைசூர், மறுவாரம் வேறு ஊர், அதற்கடுத்த வாரம் வேறு தேசம். ஆடுகிறவர்கள் தங்கள் துணியைத் தாங்களே துவைத்து, தங்கள் பந்தைத் தாங்களே பொறுக்கி ஆடுவார்கள். முக்கியச் சுற்றில் உயர நாற்காலி போட்டு ஒரு நடுவர் உட்காருவார். அதற்கு முந்திய தகுதிச் சுற்றில் அவரும் கிடையாது. நாலு கோர்ட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ரெஃப்ரி நடந்துகொண்டிருப்பார், அவ்வளவுதான். தன் பக்கம் விழுகிற பந்து உள்ளேயா வெளியேயா என்று அவரவரே சொல்ல வேண்டும். கோட்டைத் தொட்டாலும் உள்ளேதான். வெளியே என்றால் விரலைத் தூக்கி அவுட் என்று சொல்ல வேண்டும், எதிராளி அதை நம்ப வேண்டும். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் பயமான ஏற்பாடுதான். ஆனாலும் எத்தனையோ பெண்கள் தினம் அப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று ஆடிய இருவரில் மூத்தவள் வசுதா, இருபத்தாறு வயசு. அப்பா நரசிம்மமூர்த்தி பாங்கில் அதிகாரி, அம்மா ஸரஸா. மேல்கோட்டையிலிருந்து வந்து நாலு தலைமுறையாக மைசூரில் இருக்கிற ஐயங்கார் குடும்பம். இளையவள் ஸ்வாதி, இருபத்திரண்டு, ஹனூர் பக்கம் கௌதள்ளியில் விவசாயக் குடும்பத்துப் பெண். ஓட்டத்தில் முதலாக வந்தாளென்று பதினொரு வயசில் மைசூர் விளையாட்டு விடுதிக்குக் கூட்டிவந்து கையில் ராக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள். எட்டு வருஷமாக இருவரும் ஒன்றாகப் பயிற்சி, ஒரே ஸ்கூட்டர், இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. தமிழ் மட்டும் இரண்டு தினுசு. சண்டை என்று வந்தால் இரண்டு பேரும் கன்னடத்துக்குப் போய்விடுவார்கள், யாருக்கும் நஷ்டமில்லாமல். மூன்று போட்டிகளில் புள்ளி வாங்கினால்தான் உலகப் பட்டியலில் பெயர் ஏறும். புள்ளிக்கு ஆயுசு ஒரு வருஷம். ஒன்பது வருஷம் ஓடியும் பெயர் ஏறாத வசுதாவுக்கு அந்த மார்ச் மாதத்தில் முந்திய இரண்டு வாரம் இரண்டு ஊர்களில் புள்ளி கிடைத்திருந்தது. இன்னும் ஒன்று வேண்டும். அதற்கு மைசூர்த் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் ஸ்வாதியைத் தாண்ட வேண்டும்.

ஆளுக்கொரு செட் எடுத்து, இரண்டு பாயிண்ட் முன்னிலையோடு பத்தைத் தொட்டால் ஜெயம் என்கிற டை-பிரேக்கில் வசுதா ஒன்பது, ஸ்வாதி எட்டு. நேரம் பதினொன்றே முக்கால். வசுதா நெட்டுக்கு ஏறி வந்தாள், ஸ்வாதி பந்தை அவள் தலைக்கு மேல் தூக்கி அடித்தாள். வசுதா பின்னால் ஓடி அண்ணாந்து பார்த்தாள். கண் நிறைய வெயில். எட்டு வருஷம் ஸ்வாதியின் தோளைப் பார்த்த பழக்கத்தில் இது நீளம், கோட்டைத் தாண்டிவிடும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பந்து ஆள் உயரத்தில் வரும்போதே விரலைத் தூக்கி அவுட் என்று சொல்லிவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நெட்டை நோக்கி நடந்தாள். பந்து விழுந்த சத்தம் வரவில்லை. ஸ்வாதி கை கொடுக்கவில்லை, ராக்கெட்டை இரண்டு கையிலும் பிடித்தபடி வசுதாவுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஃப்ரி சந்திரன் இரண்டாம் கோர்ட்டிலிருந்து வந்தார். பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் தன் அடையாள அட்டையை விட்டுப் பார்த்தார், தடங்கலில்லாமல் போய் வந்தது. பந்தை விரலால் தள்ளினார், பிறகு தோளால் தள்ளினார். தூணைத் தள்ளுவது போல இருந்தது. விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"பாத்தீங்களாம்மா?" என்றார் வசுதாவிடம்.

"பாத்தேன் ஸார். லாங்."

"எதைப் பாத்தீங்க, விழுந்ததையா?"

வசுதா பந்தைத் திரும்பிப் பார்த்தாள். கம்பி வேலிக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்த ஸ்வாதியின் அம்மா நாச்சம்மாள், "விழட்டுங்க சார், நான் உக்காந்திருக்கறேன். எனக்கு பஸ்ஸு நாலு மணிக்குத்தானுங்க" என்றாள். நாலு மணி வரை எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சொல் தப்பு என்று சொல்ல வேண்டுமானால் பந்து உள்ளே விழுந்திருக்க வேண்டும், விழாததால் தப்பு என்று சொல்ல இடமில்லை என்று சந்திரன் தீர்ப்பெழுதினார். வசுதா முக்கியச் சுற்றுக்குப் போனாள். மறுநாள் முதலாம் கோர்ட்டில், நாலாம் கோர்ட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பான் பெண்ணை ஜெயித்தாள். அடுத்தடுத்த வாரங்களில் பட்டியல் வந்தபோது ஆயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில் அவள் பெயர் இருந்தது. ஸரஸா அதை அச்செடுத்துப் பெருமாள் படத்தின் கீழே வைத்தாள். வசுதா ஸ்வாமி உள்ளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

பந்தைப் பார்க்க ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். கோர்ட்டைப் பெருக்குகிற கணேசன் சுற்றிலும் நாலு நாற்காலியைப் போட்டுவிட்டு மிச்ச இடத்தைப் பெருக்கினான். காலையில் பந்தின் நிழல் கோட்டுக்கு வெளியே விழும், உச்சியில் கோட்டின் மேல், சாயங்காலம் உள்ளே. காலையில் வந்தவர்கள் அவுட் என்றும் சாயங்காலம் வந்தவர்கள் இன் என்றும் சாதித்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் உப்பிட்டுக் கடையில், அதாவது உப்புமாக் கடையில், சந்தித்து ஒருவரையொருவர் குருடு என்றார்கள். இன்ஜினியரிங் காலேஜிலிருந்து ஒருவர் கருவியோடு வந்து அளந்து, நேராக இறங்கினால் உள்ளே, வந்த சாய்வில் இறங்கினால் வெளியே என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆடி மாத மழையில் பந்து நனைந்தது, வெயிலில் காய்ந்தது, ஒரு ரோமம்கூட உதிரவில்லை. யாரோ குங்குமம் வைத்தார்கள். சுழற்சியில் அது நாலு பக்கமும் தெறித்து, வைத்தவரின் வேட்டியே பாழானது. அப்புறம் யாரும் வைக்கவில்லை.

வசுதாவுக்கு வேறொன்று நேர்ந்தது. அவளால் அவுட் என்கிற சொல்லைச் சொல்ல முடியவில்லை. விரல் எழும், நாக்கு எழாது. அரை அடி வெளியே விழுகிற பந்தையும் ஒரு கஜம் வெளியே விழுகிற பந்தையும் ஓடிப்போய்த் திருப்பி அடித்துக்கொண்டிருந்தாள். முதலில் எதிராளிகள் கூச்சப்பட்டார்கள். பிறகு செய்தி பரவி, கோட்டைப் பற்றிக் கவலையில்லாமல் ஓங்கி அடிக்க ஆரம்பித்தார்கள். பதினாலு ஊர்களில் தகுதிச் சுற்றோடு திரும்பி வந்தாள். டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். வீட்டில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால்கூடத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவாள்.

"நீ பொய் சொல்லலை. உனக்குத் தோணினதைச் சொன்னே. ஹோகலி பிடு, போகட்டும்" என்றார் நரசிம்மமூர்த்தி.

"அப்பா, பொய் சொல்லியிருந்தா உள்ளேன்னு திருத்திச் சொல்லிடுவேன். அதையும் போய் அங்க நின்னு சொல்லிப் பாத்துட்டேன். எனக்குத் தெரியாதுங்கறதுதான் நிஜம். அதைச் சொன்னாலும் விழ மாட்டேங்கறது."

ஒரு வழி இருந்தது. தாய்லாந்தில் மார்ச் மாதம் ஒரு போட்டி. பட்டியலில் பெயர் இருந்ததால் தகுதிச் சுற்று ஆடாமல் நேரே முக்கியச் சுற்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. அங்கே நாற்காலியில் நடுவர் இருப்பார், எதையும் அவள் சொல்ல வேண்டாம். இரண்டு புள்ளிகளின் ஆயுசு முடிவதற்குள் அங்கே ஜெயித்தால் பெயர் நிற்கும். நின்றால் இனி எந்த ஊரிலும் அந்தச் சொல் இல்லாமலே ஆடிப் பிழைத்துக்கொள்ளலாம். ஸரஸா பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தாள். புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது வசுதா மைசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கொள்ளேகால் பஸ்ஸில் ஏறினாள்.

ஸ்வாதி அப்போது மாதேஸ்வரன் மலையில் கோயில் வாசலில் மாமன் கடையில் இருந்தாள். தேங்காய், கற்பூரம், விபூதிப் பொட்டலம். தமிழ்நாட்டுப் பக்தர்களிடம் தமிழிலும் மற்றவர்களிடம் கன்னடத்திலும் விற்றுக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. வசுதாவைக் கண்டதும் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். நாச்சம்மாள் காப்பி வாங்கி வரப் போனாள்.

"என்ன அக்கா, மொட்டையா? முடியெல்லாம் நல்லாத்தானே இருக்குது."

"ஏன்டி ஆட வரலை?"

"ஆட்டத்துல இருக்கறேன், அதான் வரலை" என்றாள் ஸ்வாதி, ஒரு தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே. "ஒரு ஆட்டம் முடியாம இன்னொண்ணு ஆட முடியுமா? நீ கையை நீட்டிட்டு வந்துட்ட. நான் ராக்கெட்டைப் பிடிச்சிட்டு நின்னேன். இன்னும் அங்கதான் நிக்கறேன்."

"நான் ஏமாத்தலை, ஸ்வாதி."

"தெரியும். ஏமாத்தியிருந்தா பஸ்ஸுல போறப்பவே நாலு திட்டுத் திட்டி மறந்திருப்பேன். நீ பாக்கவே இல்லை, அதுதான் தாங்கலை. எட்டு வருஷம் கூட ஆடினவ அடிச்ச பந்தை விழற வரைக்கும் பாக்க உனக்குப் பொறுக்கலை."

நாச்சம்மாள் காப்பி டம்ளரை வசுதாவின் கையில் கொடுத்துவிட்டு, "நெட்டுக்கிட்ட நின்னு தரையில படாமயே அடிப்பீங்கல்ல அம்ணி, அதுக்கு உள்ள வெளியன்னு யாராச்சும் கேப்பாங்களா?" என்று கேட்டாள்.

கேட்க மாட்டார்கள். விழுமுன் அடித்த பந்துக்கு உள்ளே, வெளியே எதுவும் கிடையாது. பதினொரு மாதமாக அந்தப் பந்தைக் கையால் தள்ளினார்கள், கயிறு கட்டி இழுத்தார்கள், கருவி வைத்து அளந்தார்கள். யாருடைய முறையோ அவள் மட்டும் ராக்கெட்டோடு அதன் அருகில் போகவில்லை.

மலையிலிருந்தே வசுதா சந்திரனுக்கு ஃபோன் செய்தாள். அவர், நீங்கள் அடித்தால் ஆட்டம் தொடர்கிறது என்றுதான் நான் எழுத வேண்டும், அதற்குப் பிறகு வந்த ஜெயமும் புள்ளியும் இல்லையென்றாகிவிடும், தாய்லாந்தும் இருக்காது, யோசித்துக்கொள்ளுங்கள் அம்மா என்றார். வீட்டில் ஸரஸா இரண்டு நாள் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மூன்றாம் நாள், "தாய்லாந்து போயிட்டு வந்து அடிச்சா ஆகாதா? அது எங்கேயும் போகப் போறதில்லையே" என்றாள். வசுதாவும் அதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது அடித்தால் தன்னிடம் இழக்க ஒன்றும் இருக்காது, அதனால் அது அடித்ததாகவும் ஆகாது என்று அம்மாவிடம் சொன்னாள். ஸரஸா பெட்டியைத் திரும்பப் பரண் மேலே ஏற்றினாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குச் சந்திரன் வந்தார். கணேசன் நாற்காலிகளை எடுத்தான். ஸ்வாதி அன்று நின்ற இடத்தில் நின்றாள். வசுதா பின்கோட்டுக்குப் பின்னால் போய், முழங்கால் தரையில் உரசக் குனிந்து, பந்தை அடியிலிருந்து வாரித் தூக்கினாள். மற்றப் பந்துகளைப் போலவே அதுவும் வந்தது. நெட்டைத் தாண்டிய பந்தை ஸ்வாதி நாலெட்டில் எட்டி வசுதாவின் இடதுபுறம் ஓங்கி அடித்தாள். அது பக்கக் கோட்டின் வெளி விளிம்பில் விழுந்து ஓடியது. சொல்ல வேண்டியவள் வசுதா ஒருத்திதான். உள்ளங்கையைத் தரையை நோக்கிக் காட்டினாள், உள்ளே என்று. ஒன்பது ஒன்பது. அடுத்த பந்தை ஸ்வாதி நீளமாக அடித்தாள். வசுதா அது விழுவதைப் பார்த்தாள், எழும்புவதைப் பார்த்தாள், இரண்டாம் முறை விழுந்து வேலியில் போய் மோதுவதையும் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் மணி சொல்வது போல, அவுட் என்றாள். ஸ்வாதி சரியென்று தலையை ஆட்டினாள். வசுதா பத்து, ஸ்வாதி ஒன்பது. அதற்கப்புறம் மூன்று பாயிண்ட்டும் ஸ்வாதியே எடுத்து, பன்னிரண்டு பத்து என்று ஜெயித்தாள். நெட்டருகே இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள்.

"நல்லா அடிச்சேடி" என்றாள் வசுதா.

"நீ காட்டலேன்னாலும் அது உள்ளதான்" என்றாள் ஸ்வாதி.

ஆட்டம் நடந்த நேரம் என்கிற கட்டத்தில் சந்திரன் பதினொரு மாதம், ஒன்பது நாள், இரண்டு மணி, ஆறு நிமிஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமைப் பட்டியலில் வசுதாவின் பெயர் இல்லை. அவள் ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள், அழுதாள் என்றுதான் சொல்கிறார்கள். மறுநாள் அடுத்த ஊரின் தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுத்தாள். முக்கியச் சுற்றில் இனித் தான் யாரோடு ஆட வேண்டும் என்று ஸ்வாதி கேட்டதற்கு, சந்திரன் அந்த ஜப்பான் பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் இரண்டாம் வாரம் தனக்கு வசதி என்று அவளிடமிருந்து பதில் வந்தது.

அன்று சனிக்கிழமை அவர்கள் கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு காலேஜ் பெண்கள் பையோடு காத்திருந்தார்கள். கோர்ட் காலியா என்று கணேசனிடம் கேட்டார்கள். காலிதான், ஒரு தடவை பெருக்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று அவன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.