சிப்பாய்க்கு ஒரு கருமாதி போதாதா?

இளையபெருமாளுக்கு ஒரு தடவை கருமாதி ஆயிருந்தது. சீனாக்காரன் சண்டையில செத்துட்டான்னு தந்தி வந்ததும் செஞ்சியே கூடி அழுது, பதினாறாம் நாள் ஜானகியோட தாலியை வாங்கிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு, சீனாக்காரன் பிடிச்சு வெச்சிருந்த கைதிகளை விட்டப்போ, ஆள் முழுசா பஸ்ஸை விட்டு இறங்கினான். பெரியவங்க கூடிப் பேசி, சிங்கவரம் கோயில்ல அதே பொண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்ட வெச்சாங்க. கூத்துதான், வேறென்ன!

ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. தான் உயிரோட இருக்கறதை வீடு ஏத்துக்கிச்சுன்னுதான் அவன் நெனச்சிருந்தான்.

ஒரு நாள் அவன் மக சாமுண்டி ஒரு படக்கதைப் புஸ்தகத்தை நீட்டினா. "நைனா, இது நீதானே?"

'பிணப்படை'ன்னு பேரு. கடைத்தெருவுல போர்டு எழுதற சிநேகிதன் பூவராகவன், மெட்ராஸ் கம்பெனி ஒண்ணுக்கு வரைஞ்சது. பனியில செத்த சிப்பாய்ங்க மேலதிகாரி உத்தரவு போட்டதும் எழுந்து, எதிரி பங்கருக்குள்ள பூந்து, கழுத்தைக் கடிச்சுக் குதறுதுங்க. மூக்குல புழு, வாயில சதை. முன்னாடி போற பொணத்துக்கு இளையபெருமாள் மூஞ்சி, புருவத்துத் தழும்போட!

த்தூன்னு துப்பினான். பொணங்களுக்கு நடுவுல ரெண்டு நாள் கிடந்ததையும், செத்தவன் பூட்ஸைக் கழட்டி மாட்டிக்கிட்டு நடந்ததையும் பூவராகவன்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தான். அந்த நாத்தம் இன்னும் மூக்கை விட்டுப் போகல. அதைப் போய் இந்தக் கருமம் புடிச்சவன் வேடிக்கையாக்கிட்டான்.

கடைசிப் பக்கத்துல அந்தப் பொணம் வீடு திரும்புது. பொண்டாட்டி சோறு போடறா. கரண்டி தட்டுல பட்டுடக் கூடாதுன்னு ஒரு முழம் உசத்திப் பிடிச்சுக் கொட்டறா.

இளையபெருமாள் அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் பாத்தான். ஜானகி அப்படித்தான் போடுவா, மறுதாலி கட்டின நாளிலேர்ந்து. அதை வெக்கம்னு நெனச்சிருந்தான், கூமுட்டை.

புஸ்தகத்தைச் சுருட்டிக்கிட்டு நேரா போர்டு கடைக்குப் போனான். "சோறு போடறதை உனக்கு யார்றா சொன்னது?"

"உன்னை ஹீரோவாக்கிட்டேன், பாத்தியா!" பூவராகவன் பல்லை இளிச்சான்.

சட்டையைப் பிடிச்சு உலுக்கின பிறகுதான் உண்மை வந்தது. "ஜானகிதாம்பா. என் பொஞ்சாதிகிட்ட சொல்லி அழுதுச்சாம். நீ கிட்ட வந்தாலே கொமட்டுதாம்."

ஓங்கின கை அப்படியே நின்னுடுச்சு.

வீட்டுக்கு வந்தப்போ ஜானகி சோறு வடிச்சு வெச்சிருந்தா. புஸ்தகத்தை அவ முன்னாடி போட்டான். "ஏண்டி, நான் பொணமா?"

அவ நிமிந்து பாக்கல. "ஒப்பாரி வெச்சு, தலை முழுகி, எல்லாம் முடிச்சிட்டேன். போன மனுசன் திரும்பி வந்து அதே பாயில படுத்தா ஒடம்பு கூசுது. அருவருப்பா இருக்குது. வேணும்னேவா செய்யறேன்? நான் இன்னா பண்ணட்டும்?"

அவனுக்குக் கோவம் வரல. செத்தவன் பூட்ஸுக்குள்ள கால் விட்டப்போ அவனுக்கும் இப்படித்தான் கூசிச்சு. ஊர் வந்ததும் அதைக் கழட்டி எறிஞ்சுட்டான். ஜானகி எதைக் கழட்டி எறிவா, பாவம்? ஊரே சேர்ந்து கழுத்துல மாட்டினதாச்சே.

சாமுண்டி கீழே கிடந்த புஸ்தகத்தை எடுத்துப் புரட்டினா. "அம்மா, பொணத்துக்குப் பசிக்குமா?"

"பசிக்குது"ன்னு இளையபெருமாள் தட்டை நீட்டினான்.

ஜானகி சோத்தை அள்ளினா. கரண்டி ஒரு முழம் மேலயே நின்னுது.